சாமிக்கு எடுக்கும் தண்ணீர்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசிக்கொண்டிருந்தபோது அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிப் பாதியில் வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. என்ன பதில் சொல்வதென்று தெரியாமல்தான் வைத்தேன். வேலை உத்தரவு கையில் வந்த சந்தோஷத்தில் நீ மூச்சு விடாமல் பேசினாய். நீ படித்த அதே உயர்நிலைப் பள்ளிக்கே அறிவியல் டீச்சராகப் போகிறாய். ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதல் வேலையாக ஓடைத் தண்ணீரைச் சோதிக்கப் போகிறாய். அதில் என்ன கலக்கிறது, யார் கலக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, கோயில் திருவிழாவுக்கு, அதுதான் நம் நோன்பிக்கு, முன்னால் கூடும் ஊர்க்கூட்டத்தில் அந்தப் பிள்ளைகளையே எழுந்து சொல்ல வைக்கப் போகிறாய். "நாங்க செஞ்ச மாதிரியேம்மா" என்றாய். அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் எனக்கு இல்லாத பால் பொங்கியது.

இதைப் போனில் சொல்ல முடியாது. நீ நடுவில் புகுந்துவிடுவாய். அது உன் அப்பாவிடமிருந்து வந்த குணம். லாரி ஓட்டும்போது எதிரே வருகிற வண்டிக்கெல்லாம் ஒதுங்கி வழிவிடுகிற மனிதர், பேச்சில் மட்டும் யாருக்கும் வழிவிட மாட்டார். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாதல்லவா, அதற்காகவே எழுதுகிறேன். நான் களைத்துப் போயிருக்கிறேன், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு இந்த மலையில் ஊர் ஊராக ஏறி இறங்கியதில் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. செம்மேட்டு ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வாங்கி வந்த பிறகும் படி ஏறினால் வலிக்கிறது. இந்த வருஷத்தோடு ஓய்வு. ராசிபுரத்து வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், அது எங்கிருந்து வருகிறதென்று நான் யோசிக்க வேண்டியதில்லை. அந்த ஒன்றுக்காகவே கீழே போய்ச் சேர வேண்டுமென்று இருக்கிறது.

இந்த மலையில் பெரக்கரை நாட்டு ஊர்களுக்கான அந்தத் துணை சுகாதார நிலையத்துக்கு நான் நர்ஸாக வந்தபோது நீ இரண்டாம் வகுப்பு. வருஷா வருஷம் பங்குனி பிறந்தால் பேதி வரும். ஓடையில் தண்ணீர் சுருங்கும் காலம் அது. முதலில் கைக்குழந்தைகள், அப்புறம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், அப்புறம் வயசானவர்கள். நான் உப்புக்கரைசல் பொட்டலங்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவேன். போகிற வீட்டிலெல்லாம் அம்மாக்களைத் திட்டுவேன். கை கழுவினாயா, தண்ணீரைக் காய்ச்சினாயா, நகம் வெட்டினாயா. அவர்களும் "சரிங்க நர்சம்மா, சரிங்க நர்சம்மா" என்று கேட்டுக்கொள்வார்கள். ஓடையோரத்துக் கிணற்றிலிருந்து மேல்தொட்டிக்கு ஏறும் தண்ணீரில் பிளீச்சிங் பவுடரைப் போடச் சொல்லி நானே பக்கத்தில் நின்று பார்ப்பேன். பள்ளிக்கூடக் குழாயில் பிடித்துச் சோதனைச் சொட்டு விட்டால், தண்ணீரில் பவுடர் மிச்சம் இருந்தால் மஞ்சள் நிறம் வர வேண்டும். வராது. தொட்டிக்காரர் பவுடரை எடுத்து விற்றுவிடுகிறார் என்று நினைத்து அந்த மனிதரை நடுத்தெருவில் வைத்து நான் கேட்ட கேள்விகளை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. பவுடர் போட்டுக்கொண்டுதான் இருந்தார், பாவம்.

நீ பத்தாவது படித்த வருஷம் அறிவியல் சார் உங்களை ஓடைக்குக் கூட்டிப்போனார். துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், நல்ல மனிதர், கொஞ்சம் பயந்த சுபாவம். கண்ணாடி பாட்டில்களும் சோதனைச் சொட்டுகளும் என்னிடம்தான் வாங்கிக்கொண்டு போனார். ஆனால் உங்களுக்கு வழி காட்டியது பாட்டில் இல்லை, நண்டு. ஓடையில் கல்லைப் புரட்டினால் நண்டு இருக்கும், அது மலைப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த விளையாட்டு. கிணற்றுக்குப் பக்கத்தில் எந்தக் கல்லைப் புரட்டினாலும் நண்டு இல்லை என்று முதலில் சொன்னவள் உன் சிநேகிதி கோகிலா. நண்டு மறுபடி எங்கே கிடைக்கிறதோ அங்கே வரைக்கும் ஏறிப் பார்க்கலாம் என்று நீங்களே முடிவு செய்தீர்கள். அன்று சாயங்காலம் முழங்கால் வரை சேறோடு வந்து நீ எனக்குக் கதை சொன்னது நினைவிருக்கிறது. மேலே ஏறிப் போனதும் கடைசியாக ஒரு நண்டு கிடைத்தது, அதைப் பிடிக்கப் போனபோது உன் விரலைக் கடித்துவிட்டது என்று காட்டினாய். கீறல்கூட இல்லை. நர்ஸ் வீட்டுப் பெண்ணுக்கு மருந்து போட வேண்டுமே என்று ஒரு பஞ்சைச் சுற்றிவிட்டேன்.

ஓடையில் மேலே இருக்கிற பெரிய பாறைக்குச் சற்றுக் கீழே இருந்த குட்டையில்தான் நீங்கள் மூட்டைகளைப் பார்த்தீர்கள். பழுத்த மிளகைச் சாக்கில் கட்டி ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, தோல் அழுகியதும் மிதித்துக் கழுவிக் காயவைத்தால் வெள்ளை மிளகு. கறுப்பு மிளகை விட நல்ல விலைக்குப் போகும். அந்தக் குட்டையில் தண்ணீர் டிக்காஷன் மாதிரி இருந்தது, நுரை கட்டி, கிட்டப் போனால் குமட்டியது என்று சொன்னாய். பாறைக்கு மேலே போய்க் கல்லைப் புரட்டினால் நண்டு இருந்தது. அழுகிய தோல் கலந்த தண்ணீர் வந்தால் தொட்டியில் போடும் பவுடர் அதோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும், கிருமியைக் கொல்ல மிச்சம் இருக்காது என்று சார் உங்களுக்கு விளக்கினார். இத்தனை வருஷம் சொட்டு மஞ்சளாகாததற்குக் காரணம் எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. சாக்குகளின் வாயை நீலப் புடவைக் கிழிசலால் கட்டியிருந்தார்கள். அது கோகிலாவின் அம்மாவுடைய புடவை. நீங்கள் யாரும் அதை அறிந்திருக்க முடியாது. அவள் தானாகத்தான் சொன்னாள்.

அவளுடைய அப்பா வெள்ளையண்ணனை உனக்குத் தெரியும். நான் அந்த மலையில் பார்த்த யோக்கியமான ஆட்களில் அவர் ஒருவர். நீ அம்மை போட்டுக் கிடந்தபோது தினமும் வேப்பிலை பறித்து வந்து வாசலில் வைத்துவிட்டு, கூப்பிட்டால்கூட நிற்காமல் போவார். நோன்பியில் சாமிக்கு முதல் குடம் தண்ணீர் எடுக்கும் பாத்தியதை அவர்கள் குடும்பத்துக்கு. விரதம் இருந்து, செருப்பில்லாமல் ஓடையோரமாக ஏறி, புதுக்குடத்தில் தண்ணீர் மொண்டு, வழியில் யாரோடும் பேசாமல் கோயில் வரைக்கும் கொண்டு வருவார். அந்தக் குடம் போகிறபோது நானும் கைப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டிருக்கிறேன்.

ஊர்க்கூட்டத்தன்று என்ன நடந்தது என்று உனக்கே தெரியும். ஆனாலும் நீ அதை இப்போது வேறு மாதிரி நினைவு வைத்திருக்கிறாய் என்று தோன்றுவதால் நான் பார்த்ததை எழுதுகிறேன். கோயில் முன்னால் ஊர்க்காரர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து நாற்காலிகள் கொண்டு வந்து எங்களுக்குப் போட்டார்கள். தலைமையாசிரியர், அறிவியல் சார், நான். அரசாங்க உத்தியோகத்துக்கு அந்த மலையில் கொடுக்கும் மரியாதை அது. நீங்கள் பிள்ளைகள் மட்டும் நடுவில் நின்றீர்கள். நீ நன்றாகப் பேசினாய், எனக்குப் பெருமையாக இருந்தது. மூட்டை என்று நீ சொன்னதும் கூட்டத்தில் சலசலப்பு வந்தது. ஊர்ப் பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஓடுற தண்ணிக்கு ஏது சாமி அழுக்கு? எங்க பாட்டன் காலத்துல இருந்து ஊறப்போடறோம். அதுசரி, யாரு மூட்டைன்னு சொல்றீங்க?" என்று கேட்டார். அப்போதுதான் கோகிலா, "எங்க அப்பனுதுங்க" என்றாள்.

அதோடு அவள் நிறுத்தியிருந்தால் அது ஒரு வீட்டுச் சண்டையாகப் போயிருக்கும். அவள் நிறுத்தவில்லை. பெரியவரைப் பார்த்து, "ஓடுற தண்ணியில அழுக்கு இல்லீன்னா, சாமிக்கு மட்டும் எதுக்குங்க பாறைக்கு மேல ஏறிப் போயி எடுக்கறோம்? கெணத்துக்கிட்டயே மொண்டுக்கலாமில்லீங்க?" என்று கேட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். பதில் அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். மிளகு ஊறும் குட்டைக்குக் கீழே சாமிக்கு யாரும் எந்தக் காலத்திலும் தண்ணீர் எடுத்ததில்லை. சாமிக்கு ஆகாது என்று ஒதுக்கிய தண்ணீரைத்தான் பிள்ளைகள் குடித்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தப்பென்று யாரும் நினைக்கவில்லை, வழக்கம் என்று விட்டுவிட்டார்கள். இந்த மலையில் சாமியை விட்டுக்கொடுக்க மாட்டார்கள், தங்களை எளிதாக விட்டுக்கொடுத்துவிடுவார்கள்.

பின்னாலிருந்து யாரோ, "யாரு ஊட்டுப் புள்ளடா இது, அப்பன ஊருக்கு முன்னால நிக்க வெக்குது, உக்காரச் சொல்லு" என்று கத்தினார்கள். நடுவில் நின்றவளுக்கு உட்கார இடம் எங்கே? அவள் எங்கள் மூன்று பேரையும் திரும்பிப் பார்த்தாள். தலைமையாசிரியர், "பசங்க ஏதோ ஆர்வத்துல பேசுதுங்க, பெரியவங்க மனசுல வெச்சுக்காதீங்க" என்று சிரித்தார். சார் கீழே குனிந்துகொண்டார். நான் கைப்பையைத் திறந்து எதையோ தேடினேன். நீயும் பார்த்தாய், எனவே இதை நான் புதிதாக ஒப்புக்கொள்வதாக எண்ணாதே. உட்கார்ந்தபடியேதான் இருந்தேன். மறுநாள் அதே வீடுகளுக்கு நான் போக வேண்டும், அதே ஆட்கள் முகத்தில் விழிக்க வேண்டும் என்று அப்போது நினைத்தேன். கோகிலா அன்றைக்கே அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

ஓடை சரியாயிற்று, அதை மறுக்கவில்லை. இனி மூட்டையைத் தொட்டியில்தான் ஊறப்போட வேண்டும், கழிவுத் தண்ணீரைத் தோட்டத்துக் குழியில்தான் கொட்ட வேண்டும் என்று ஊரில் கட்டுப்பாடு வந்தது. முதலில் தொட்டி கட்டியவர் வெள்ளையண்ணன்தான். அந்தப் பங்குனியில் சொட்டு விட்டதும் மஞ்சள் வந்தது. பள்ளிக்கூட வாசலில் நின்று அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பியை வெயிலில் தூக்கிப் பார்த்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தொட்டிக்காரர் பக்கத்தில் நின்று, "இப்ப நம்பறீங்களா நர்சம்மா?" என்று கேட்டார். உங்கள் பள்ளிக்கு மாவட்டத்தில் பரிசு கொடுத்தார்கள். நீங்கள் எல்லோரும் மேடையில் நிற்கிற படம் நம் வீட்டு அலமாரியில் இன்னமும் இருக்கிறது. எடுத்துப் பார். அதில் கோகிலா இல்லை.

அந்த நோன்பிக்கு வெள்ளையண்ணன் குடம் எடுக்கவில்லை. யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை, அவரே தம்பியிடம் கொடுத்துவிட்டார். மகளைத் திட்டவில்லை, கை ஓங்கவில்லை. அவள் போட்ட சோற்றை மட்டும் சாப்பிடாமல் இருந்தார். பத்தாவது தேர்வு முடிந்ததும் நீ செம்மேட்டு மேல்நிலைப் பள்ளிக்குப் போனாய். அவளை அனுப்பவில்லை. நான் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். வெள்ளையண்ணன் எழுந்து நின்று, எனக்குப் பாய் விரிக்கச் சொல்லிவிட்டு, "ஏனுங்க நர்சம்மா, அவ சொன்னது பொய்யின்னு நான் சொல்லல. நெசந்தான். ஆனா ஊரு முன்னால அவ தனியா நின்னா, நான் தனியா உக்காந்திருந்தேன். எங்க ரெண்டு பேத்துக்கும் அன்னைக்கி ஆளில்ல. படிப்புன்னு இன்னொருக்கா அவள நான் எங்கயும் நிக்க உட மாட்டேனுங்க" என்றார். நான் அரசாங்கத் திட்டம், உதவி, விடுதி என்று என்னென்னவோ சொன்னேன். அன்றைக்கு ஆளில்லை என்றாரே, அதை மட்டும் நான் தொடவில்லை.

நீ ரொம்ப நாள் அழுதாய். அப்புறம் உனக்குப் புதுச் சிநேகிதிகள் கிடைத்தார்கள், கல்லூரி வந்தது. இது உன் குற்றம் இல்லை, அந்த வயசு அப்படித்தான். ஆனால் நீ இந்தக் கதையைக் கல்லூரியில் சொன்னபோதெல்லாம் நண்டிலிருந்து தொடங்கிப் பரிசில் முடித்திருப்பாய் என்று நினைக்கிறேன். நானும் கூட்டங்களில் அப்படித்தான் முடித்திருக்கிறேன். கேட்கிறவர்கள் கை தட்டுவார்கள்.

இப்போது அந்த ஓடை எப்படி இருக்கிறது என்று நீ கேட்கவே இல்லை. பாறைக்கு மேலே சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் தங்கச் சில ரூம்கள் கட்டியிருக்கிறார்கள். அவர்கள் குளிக்கிற சோப்புத் தண்ணீர் குழாய் வழியாக நேரே ஓடையில் விழுகிறது. பாட்டில் உடைந்து மாடுகளின் காலைக் கிழிக்கிறது. தொட்டிக்குத் தண்ணீர் சுமக்க முடியவில்லை என்று சில பேர் மறுபடி ஓடையிலேயே மூட்டை போடுகிறார்கள். ஓடையைக் காப்பது பாத்திரம் கழுவுகிற வேலைதான், ஒரு நாள் கழுவிக் கவிழ்த்துவிட்டால் முடிந்தது என்று இருக்க முடியாது. சாமிக்கு இப்போது அந்த ரூம்களையும் தாண்டி, இன்னும் மேலே ஏறிப் போய்த் தண்ணீர் எடுக்கிறார்களாம். இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. போய்ப் படுத்துக்கொண்டேன்.

போன வாரம் செம்மேட்டுச் சந்தையில் கோகிலாவைப் பார்த்தேன். கல்யாணமாகி ஒரு பையன் இருக்கிறான். கிழங்கும் மிளகும் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். நீ டீச்சராக வருகிறாய் என்று நான் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது. "எங்க சின்னவ இப்ப ஒம்பதாவதுங்க. புது டீச்சரு அக்காவோட படிச்சவங்களாமான்னு குதிச்சுக்கிட்டு இருக்கா" என்றாள். கோகிலா பத்தாவது படித்தபோது இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தாளே ஒரு தங்கச்சி, அவள்தான். உன் வகுப்பில்தான் உட்காரப் போகிறாள். நீ பிள்ளைகளை ஓடைக்கு அழைத்துப் போகப் போவதை அவளிடம் சொன்னேன். வேண்டாமென்று உன்னிடம் சொல்லட்டுமா என்றும் கேட்டேன். அவள் வேண்டாமென்று சொல்ல வேண்டும் என்றுதான் உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். அப்படிச் சொன்னால் நானும் நிம்மதியாக ராசிபுரம் போய்விடலாம்.

அவள் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "போகட்டுங்க நர்சம்மா. எம் பையனும் அந்தத் தண்ணியத்தான குடிக்கறான். யாராச்சும் ஏறிப் பாக்கோணுமில்லீங்க" என்றாள். மிளகைப் பொட்டலம் கட்டி என் பையில் போட்டுவிட்டு அப்புறம் சொன்னாள். "அன்னைக்கி நான் சொன்னது தப்புன்னு இன்னைக்கும் நெனக்கலீங்க. பெரியவங்க ஒருத்தராச்சும் எந்திரிச்சிருந்தா அப்பனுக்கு அத்தன அவமானமா இருந்திருக்காது. சின்னவளுக்கு அப்பிடி ஆகாம பாத்துக்கச் சொல்லுங்க." அவள் சொன்னதில் குத்தல் இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குத்தான் குத்திக்கொண்டே வந்தது.

அதனால் உன்னைத் தடுக்க இந்தக் கடிதத்தை எழுதவில்லை கண்ணு. பிள்ளைகளைக் கூட்டிப் போ. அவர்கள் கால் நனையட்டும், கல்லைப் புரட்டட்டும், எங்கே நாறுகிறது, எங்கே நண்டு இல்லை என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். என்ன செய்யலாம் என்றும் அவர்களையே யோசிக்க விடு. நமக்குத் தோன்றாதது அவர்களுக்குத் தோன்றும், அதை நான் கண்ணால் பார்த்தவள். ஆனால் யார் வீட்டு மூட்டை என்று தெரிந்துவிட்டால் கூட்டத்துக்கு முன்னால் அந்த வீட்டுக்கு நீ போ. அவர்கள் கொடுக்கும் காப்பியைக் குடித்துவிட்டு, உட்கார்ந்து பேசு. தொட்டிக்குத் தண்ணீர் சுமக்க என்ன வழி என்று அவர்களோடு சேர்ந்து யோசி. ரூம்காரர்களிடம் பிள்ளைகளை அனுப்பாதே. அது பெரியவர்கள் போய் நிற்க வேண்டிய வாசல். கூட்டத்தில் பெயர் சொல்லியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் அந்தப் பெயர் உன் வாயிலிருந்து வரட்டும், ஒரு பிள்ளையின் வாயிலிருந்து வர வேண்டாம். நீ வேலைக்குப் புதிது, உனக்கும் பயமாக இருக்கும். பயந்துகொண்டேதான் நிற்க வேண்டும்.

நோன்பிக்கு முன்னால் கூட்டம் எந்த நாளென்று தெரிந்ததும் எனக்குச் சொல். நானும் வருகிறேன். செம்மேட்டிலிருந்து காலை பஸ்ஸில் ஏறினால் வந்துவிடலாம். பஸ் நிற்கிற இடத்திலிருந்து கோயிலுக்கு ஏற்றம்தான், மெல்ல ஏறிக்கொள்கிறேன். வழக்கம்போலப் பள்ளிக்கூடத்திலிருந்து நாற்காலி எடுத்து வரச் சொல்வார்கள். நர்சம்மாவுக்கு முழங்கால் வலி என்று அந்த ஊருக்கே தெரியும், எனக்குத்தான் முதலில் போடுவார்கள். எனக்குப் போட வேண்டாமென்று நீ முன்கூட்டியே சொல்லி வை. கோகிலாவின் தங்கச்சி எங்கே நிற்கிறாளோ அங்கே அவள் பக்கத்தில் எனக்குக் கொஞ்சம் இடம் விட்டால் போதும்.

உன் அம்மா